திருவிழாக் கூட்டமும் தூரதேசச் செய்தியும்: டெல்டா ஊர்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில் கனத்த முதுகுப் பையோடு நின்ற ஒருவனை அந்த ஆலயத்தைச் சேர்ந்த ரமேஷ் ராஜு பார்த்தார். பையில் என்ன என்று கேட்டார். வீடியோ எடுக்கும் கேமரா என்றான். உள்ளே படம் எடுக்க முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி அவனை வெளியே போகச் சொன்னார். குண்டு வெளியிலேயே வெடித்தது. ரமேஷ் இறந்துபோனார். ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். ஆனால் ஆலயத்துக்குள் இருந்த நூற்றுக்கணக்கானோர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

அதே காலையில் நீர்கொழும்பு, கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்துக்குள்ளும் ஒருவன் பெரிய பையோடு நடந்து போனான். அவனை யாரும் நிறுத்தவில்லை. அங்கே மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்று ஆலயங்கள், மூன்று பெரிய ஹோட்டல்கள் என அன்று இலங்கையில் 260 பேருக்கு மேல் பலியானார்கள்.

நமக்கு இது தூரதேசம் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பலே விட்டார்கள். அங்கே இடி விழுந்தால் இங்கே வேளாங்கண்ணியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். 2019 ஆகஸ்ட் கடைசியில், இலங்கை வழியாகத் தீவிரவாதிகள் தமிழ்நாட்டுக்குள் வந்திருக்கலாம் என்று உளவுத்துறை எச்சரித்ததும், மாதா கோயில் கொடியேற்றம் நெருங்கிய அந்த நாட்களில் கடற்கரை முழுவதும் காவல் கூட்டப்பட்டதும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வழிகாட்டி கோயில் விழாக் கமிட்டிக்கும், ஜமாஅத்துக்கும், பங்குப் பேரவைக்கும், மீனவப் பஞ்சாயத்தாருக்கும், ஊராட்சிக்கும் எழுதியது. போலீஸ் செய்யும் வேலையை நாம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் போலீஸ் வந்து சேர்வதற்கு முந்தைய பத்து நிமிடமும், அவர்கள் கிளம்பிப் போன பிறகான பத்து நாளும் ஊர்க்காரர் கையில்தான் இருக்கின்றன. அந்த நேரத்துக்கான ஏற்பாடுகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதற்குப் பயப்பட வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்

டெல்டாவில் கூட்டம் கூடிய இடங்களில் இதுவரை உயிர்களை வாங்கியது எது என்று பாருங்கள். 1992 பிப்ரவரி 18, கும்பகோணம் மகாமகம்: நெரிசலில் ஏறத்தாழ 50 பேர். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேக யாகசாலைப் பந்தல் தீ: 48 பேர். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ: 94 குழந்தைகள். 2022 ஏப்ரல் 27, தஞ்சை களிமேட்டில் தேர்ச் சப்பரம் உயர் மின்கம்பியில் பட்டது: 11 பேர். இவற்றில் ஒன்றில்கூட குண்டு இல்லை. கீற்றும் குறுகிய வாசலும் மின்கம்பியும்தான் இருந்தன.

ஆனால் தமிழ்நாட்டில் குண்டும் வெடித்திருக்கிறது. 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் வெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய நாள், அதே கோவையில் கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசலில் கார் வெடித்தது. ஆகவே 'நம்ம ஊர்ல அதெல்லாம் நடக்காது' என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது.

குண்டை மட்டும் தேடுகிற திட்டத்தை நான் நல்ல திட்டம் என்று சொல்ல மாட்டேன். வாசலை அகலமாக்குவது, வழியை மறிக்காமல் வைப்பது, மைக்கில் ஒரே ஆள் பேசுவது, துண்டை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தத் தெரிந்த பத்துப் பேரை வைத்திருப்பது ஆகியவை தீக்கும் உதவும், நெரிசலுக்கும் உதவும், குண்டுக்கும் உதவும். பணமும் ஆளும் குறைவாக இருக்கும் ஊரில் முதல் ரூபாய் இவற்றுக்குத்தான் போக வேண்டும். கேமராவை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: முன்கூட்டியே அறிமுகமாகிக்கொள்ளுங்கள்

நாகூர் கந்தூரிக்கு வருகிற கூட்டத்தில் இந்துக் குடும்பங்கள் எத்தனை என்று அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவை எழுப்பிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இந்தப் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நெருக்கடி வந்த இரவில் யாருக்கு யார் போன் போடுவது என்பது பழக்கத்தால் மட்டும் நடந்துவிடாது. எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஒரே தாளில் இந்தப் பெயர்களும் எண்களும் வரட்டும்: கோயில் செயல் அலுவலர் அல்லது தக்கார், பள்ளிவாசல் முத்தவல்லி, பங்குத்தந்தை, ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., வணிகர் சங்கச் செயலாளர், மின்வாரிய லைன்மேன், பந்தல்காரர், மைக் செட்டுக்காரர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், நிலைய இன்ஸ்பெக்டர். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளும் வேண்டும். லைன்மேன் பெயரை விட்டுவிடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்த வேண்டிய நேரத்தில் அவர்தான் ஊரிலேயே முக்கியமான மனிதர்.

பொது எண்களையும் அதே தாளில் எழுதுங்கள். அவசரத்துக்கு 112, போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கடலோர ஊர்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

காரைக்கால் எல்லையை ஒட்டிய ஊர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. நாகூரைத் தாண்டி வாஞ்சூர் போனால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. போலீஸ் வேறு, ஆம்புலன்ஸ் ஏற்பாடு வேறு. எல்லையில் நின்று போன் போட்டால் அழைப்பு எந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த ஊர் என்பதைப் பேச்சின் முதல் வாக்கியத்திலேயே சொல்லப் பழகுங்கள். இரண்டு பக்கத்துக் காவல் நிலைய எண்களும் கையில் இருக்கட்டும்.

தாளை எழுதியதோடு விட்டுவிடக் கூடாது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு எல்லோரும் ஒரு இடத்தில் உட்கார வேண்டும். தாசில்தார் கூட்டும் அமைதிக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவதைச் சொல்லவில்லை. தேநீர் குடித்தபடி, 'எங்க தேர் இந்த வழியா வரும்போது உங்க தொழுகை நேரம் எப்போ?' என்று நேராகக் கேட்டுக்கொள்கிற கூட்டத்தைச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: இடத்தை நடந்து அளங்கள்

ஒரு டேப், ஒரு நோட்டு, இரண்டு பேர் போதும். ஒவ்வொரு வாசலின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேற முடியும் என்பது மைதானப் பாதுகாப்பில் பின்பற்றுகிற கணக்கு. படிக்கட்டாக இருந்தால் இன்னும் குறையும்.

போட்டுப் பாருங்கள். பந்தலில் 2,000 பேர். இரண்டு மீட்டர் வாசல்கள் இரண்டு. மொத்தம் நான்கு மீட்டர், நிமிடத்துக்கு 320 பேர். எல்லோரும் வெளியே வர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு வாசலில் வி.ஐ.பி. கார் நிற்கிறது என்றால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். கீற்றுப் பந்தல் பிடித்து எரிய அத்தனை நேரம் எடுக்காது. இந்தக் கணக்கைப் பந்தல்காரர் முன்னிலையிலேயே போட்டுக் காட்டுங்கள். மூன்றாவது வழி எங்கே விடுவது என்பதை அவரே சொல்வார்.

பிறகு வெளிவழிகளைப் பாருங்கள். டெல்டாவின் கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. பல ஊர்களுக்கு உள்ளே வர ஒரே பாலம். அந்தப் பக்கம் வாய்க்கால், இந்தப் பக்கம் நடவு வயல். பாலத்தில் ஒரு வேன் திரும்ப முடியாமல் நின்றால் 108 உள்ளே வராது. விழா நாளில் பாலத்தின் இரு முனையிலும் இரண்டு தொண்டர்கள் நிற்க வேண்டும். அவர்களுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கான வழியில் பொம்மைக் கடை, பஜ்ஜிக் கடை எதுவும் வரக் கூடாது. கடைக்காரரோடு மனஸ்தாபம் வரும், வரட்டும்.

கூட்டம் ஒரு சதுர மீட்டருக்கு நாலைந்து பேரைத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது. கைகளை உயர்த்த முடியவில்லை, தன் காலால் நடக்காமல் கூட்டமே தன்னைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றால் அதுதான் அடையாளம். அப்போது உள்ளே வருவதை நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பவர்களை 'நகருங்க, நகருங்க' என்று தள்ளக் கூடாது. குளத்துப் படித்துறை உள்ள ஊர்கள் இதை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது.

நான்காம் படி: வாசலில் மனிதர்

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சரியாகச் செய்தால் உயிரைக் காக்கும், தவறாகச் செய்தால் ஊரையே கெடுத்துவிடும்.

ரமேஷ் ராஜு செய்ததைத் திரும்பப் பாருங்கள். அவர் உடையைப் பார்க்கவில்லை, மதத்தைப் பார்க்கவில்லை. தன் ஆலயத்துக்கு யார் யார் வருவார்கள் என்று தெரிந்தவர், தெரியாத ஒரு முகத்திடம் போய்ப் பேசினார். கேட்டார். பதில் பொருந்தவில்லை. உள்ளே விடவில்லை. வாசலில் நிற்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

அதனால் வாசலுக்கு ஊரில் எல்லோரையும் தெரிந்த ஆளை நிறுத்துங்கள். பொதுவாக நாம் செய்வது தலைகீழ். முக்கியமானவர்கள் எல்லோரும் மேடைப் பக்கம் போய்விடுவார்கள், வாசலில் பதினாறு வயதுப் பையன் பேட்ஜ் குத்திக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருப்பான். ஓய்வுபெற்ற ஆசிரியர், பால் சங்கத்துக்காரர், தபால்காரர், பூக்கார அம்மா, பள்ளிவாசல் மோதினார், கோயில் மெய்க்காவலர் இவர்கள்தான் சரியான ஆட்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் கட்டாயம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். சோர்ந்த கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பேச்சை வரவேற்பாகத் தொடங்குங்கள். 'வாங்க, எந்த ஊருங்க? யாரோட வந்திருக்கீங்க? பையை வைக்கிற இடம் அந்தப் பக்கம் இருக்கு, டோக்கன் தருவாங்க.' நடந்து களைத்து வந்த பக்தர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். கெட்ட எண்ணத்தோடு வந்தவனுக்கு இந்த மூன்று கேள்வியே இடைஞ்சல்.

எதைக் கவனிப்பது? வெயிலுக்குப் பொருந்தாத கனத்த உடை. பையை ஒரு நொடியும் கீழே வைக்காத பிடிவாதம், அல்லது பையை வைத்துவிட்டு விறுவிறுவென்று விலகிப் போவது. விழாவைப் பார்க்காமல் வாசலையும் காவலையும் கேமராவையும் படம் எடுப்பது. ஒரே ஆள் விழாவுக்கு முந்தைய நாட்களில் திரும்பத் திரும்ப வந்து தூணையும் வழியையும் விசாரிப்பது. ஆளில்லாத வண்டி வாசலை ஒட்டி நிற்பது.

எதைக் கவனிக்கக் கூடாது? தாடி, தொப்பி, பர்தா, காவி, சிலுவை, வடநாட்டு முகம், இலங்கைப் பேச்சு. இவற்றை வைத்து ஆளைப் பிடிக்கத் தொடங்கினால் இரண்டு நஷ்டம். நிரபராதி அவமானப்பட்டுப் போவார், அடுத்தமுறை எதையாவது பார்த்தாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார். இன்னொன்று, செய்ய வந்தவன் இவற்றில் எதையும் அணிந்துகொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை. நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் மூட்டை முடிச்சு இருக்கும். எனவே பை இருப்பதே சந்தேகம் ஆகாது. பையும் நடத்தையும் பதிலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையா என்பதே கேள்வி.

உடலைத் தடவிச் சோதிப்பதும், பையைப் பிடுங்குவதும், ஆளைக் கட்டிப்போடுவதும் தொண்டர் வேலை இல்லை. சந்தேகம் வந்தால் பேசிக்கொண்டே வெளிப்பக்கம் நகர்த்துங்கள். இன்னொருவர் போலீஸுக்குச் சொல்லட்டும். 2018 மே மாதம் போளூர்ப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரே அடித்துக் கொன்றது. சந்தேகத்தைக் கூட்டத்தின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பை வைக்கும் கவுன்டர் கூட்டத்துக்கு வெளியே, தனிச் சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டும். சன்னதிக்குப் பக்கத்தில் வைத்தால் ஆபத்தை நாமே உள்ளே கொண்டுவந்ததாக ஆகிவிடும்.

ஐந்தாம் படி: கேட்பாரற்ற பையைக் கண்டால்

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். 'இது யாருது?' என்று சுற்றி நிற்பவர்களைக் கேளுங்கள். யாரும் சொந்தம் கொண்டாடவில்லை என்றால் விலகத் தொடங்குங்கள். கைப்பை, முதுகுப் பை என்றால் குறைந்தது 100 மீட்டர். சூட்கேஸ், கார் என்றால் 200 மீட்டர். வேன், லாரி என்றால் 400 மீட்டர். இடையில் கனமான சுவர் இருக்கட்டும், கண்ணாடிச் சன்னல் வேண்டாம். பக்கத்தில் நின்று செல்போன் பேசாதீர்கள். விலகிய பிறகு 112-ஐ அழையுங்கள்.

மக்களை ஒதுக்கும் இடத்தில் நிற்கும் வண்டிகளை முன்பே பாருங்கள். கோவையில் 1998-இல் வெடித்தது ஒரு குண்டு இல்லை. ஊரின் பல இடங்களில் வரிசையாக வெடித்தன. ஒன்று வெடித்ததும் வேடிக்கை பார்க்க ஓடுகிற கூட்டம்தான் இரண்டாவதற்கு இரை.

மைக்கில் என்ன சொல்வது என்று இப்போதே எழுதி, மைக் செட்டுக்காரர் பெட்டியில் ஒட்டிவையுங்கள். 'குண்டு' என்ற சொல் அதில் வரக் கூடாது. இப்படி இருக்கலாம்: 'பக்தகோடிகளுக்கு ஒரு அறிவிப்பு. கிழக்கு வாசல் பக்கம் இருக்கிறவங்க அப்படியே மெதுவா வடக்குத் தெரு வழியா பள்ளிக்கூட மைதானத்துக்குப் போங்க. ஓட வேண்டாம். குழந்தைங்க கையைப் பிடிச்சுக்குங்க. தொண்டர்கள் வழி காட்டுவாங்க.' மைக் ஒரே ஆளிடம் இருக்கட்டும். ஆளாளுக்கு வாங்கிப் பேசினால் அதுவே நெரிசலைக் கிளப்பும்.

தேரை நிறுத்தச் சொல்வது யார்? சந்தனக்கூட்டை நிறுத்தச் சொல்வது யார்? பவனியைத் திருப்பச் சொல்வது யார்? பெயரோடு முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் கூடிப் பேச முடியாது. நல்ல நேரம் தாண்டிவிடும் என்ற பேச்சு எழும். அதற்கான பதிலை அர்ச்சகர், கலீபா, பங்குத்தந்தை வாயாலேயே முன்பே சொல்ல வைத்துவிடுங்கள். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

ஆறாம் படி: அடிபட்டவர்களுக்கு முதல் பத்து நிமிடம்

வெடிப்பில் காப்பாற்றக்கூடிய உயிர் பெரும்பாலும் ரத்தப்போக்கில் போகிறது. நம் தோளில் கிடக்கும் துண்டு இங்கே உதவும். காயத்தின் மேல் மடித்த துணியை வைத்து இரண்டு கையாலும் முழு பலத்தோடு அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்துவிட்டால் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். கை காலில் பீறிட்டு அடித்தால், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின் மேல் வராமல், துண்டைச் சுற்றி ஒரு குச்சியைச் செருகித் திருகி ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். மருத்துவர் வரும்வரை தளர்த்த வேண்டாம். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் சாதாரணத் தண்ணீர், 20 நிமிடம். மாவு, மசி, பற்பசை எதுவும் வேண்டாம்.

எந்த மருத்துவமனைக்கு எத்தனை பேர் என்பதைப் பிரித்து அனுப்புங்கள். எல்லோரையும் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்க் குவித்தால் பெரிய காயக்காரர் வரிசையில் காத்திருப்பார். தஞ்சை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளும், நாகைக்கு ஒரத்தூரில் உள்ள மருத்துவக் கல்லூரியும், காரைக்கால் பொது மருத்துவமனையும் எந்தத் திசையில், எந்தச் சாலை விழா நாளில் அடைபடும் என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரோடு முன்பே பேசுங்கள். ஒரு பெண், ஒரு நோட்டு: யார் எந்த வண்டியில் எங்கே போனார்கள் என்று எழுதுவது மட்டுமே அவர் வேலை. இரவு முழுக்கத் தேடி அலையும் தாய் தகப்பனுக்கு அந்த நோட்டுதான் வழி.

ஏழாம் படி: அயல்நாட்டில் நம்மவர் அடிபடும் செய்தி வரும்போது

பாகிஸ்தானின் ஜரான்வாலாவில் 2023 ஆகஸ்ட் 16 அன்று தேவாலயங்களையும் கிறிஸ்தவர் வீடுகளையும் எரித்தார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்மாவுக்கு வந்த 51 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். மியான்மரிலிருந்து 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேலான ரோஹிங்யாக்கள் உயிர் தப்பி ஓடினார்கள். வங்கதேசத்தில் 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்ததும் இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன. தமிழ் பேசும் நம் பக்கத்திலேயே, 1990 ஆகஸ்டில் இலங்கையின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள், அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வீடுகளை விட்டு விரட்டப்பட்டார்கள். இவை எல்லாம் உண்மை. எந்த மதத்துக்காரர் துன்பத்தையும் இன்னொருவர் மறைக்கவோ குறைத்துப் பேசவோ கூடாது. 'அப்ப அவங்களுக்கு நடந்தது?' என்று உடனே கணக்கைத் திருப்பும் பழக்கத்தை ஊர்க் குழுக்களில் முதலில் நிறுத்துங்கள்.

அதே நேரம், உண்மையான துயரத்தின் மேல்தான் பொய் ஏறி வரும். வங்கதேசத்தில் 2024-இல் எரிந்த ஒரு பெரிய வீட்டின் படம், இந்து கிரிக்கெட் வீரர் லிட்டன் தாஸின் வீடு என்று சுற்றியது. அது முன்னாள் கேப்டன் மஷ்ரஃபே மொர்தாசாவின் வீடு. தாக்குதல்கள் நடந்தது உண்மை, அந்தப் படத்துக்குச் சொன்ன கதை பொய். நம் மாநிலத்திலேயே 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள்.

எனவே குழு அட்மின்களுக்குச் சில கண்டிப்பான வேலைகள். படம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு எப்போது, எங்கே எடுத்தது என்று பாருங்கள். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறி இருந்தால் இரட்டைச் சந்தேகம். நாளும் ஊரும் இல்லாத செய்தியை நீக்குங்கள். பிணங்களின் படம் உண்மையானாலும் வேண்டாம். பதற்றமான நாட்களில் அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றுங்கள். மதங்களுக்கிடையே பகையைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 196-ஆம் பிரிவில் குற்றம், பீதியும் பகையும் கிளப்பும் வதந்திக்கு 353-ஆம் பிரிவு என்பதைக் குழுவின் விவரக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.

வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் என்று நம் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் ஒரு ஆள் கடல் தாண்டியிருக்கிறார். இங்கே உட்கார்ந்து அனுப்பும் ஒரு பதிவை அங்கே பிள்ளை பகிர்ந்தால் வேலை போகும், சிறையும் உண்டு. 2020-இல் மத வெறுப்புப் பதிவுகளுக்காக ஐக்கிய அமீரகத்தில் இந்தியர் சிலர் வேலை இழந்தார்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், விசா எண், முதலாளி முகவரி, அந்த நாட்டு இந்தியத் தூதரக எண் இவை வீட்டில் ஒரு உறையில் இருக்கட்டும். சிக்கல் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், மாநிலத்தில் அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம்.

துன்பப்பட்டவர்களுக்குப் பணம் சேர்க்கிறீர்களா? பதிவு பெற்ற, கணக்குக் காட்டும் அமைப்புக்கு, வங்கி வழியாக, ரசீதோடு. முகம் தெரியாதவர் அனுப்பிய எண்ணுக்குப் போடாதீர்கள். தீவிரவாதத்துக்கு நிதி என்ற வழக்கு வந்தால், தெரியாமல் கொடுத்தவரும் வருடக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: நம் வீட்டுப் பிள்ளை

ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் தமிழில்தான் பேசினான், அவன் வீடியோக்கள் கடலைத் தாண்டி இங்கேயும் வந்தன. ஆனால் அவனைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்கள் இலங்கை முஸ்லிம்களே என்பது மறக்கக் கூடாத செய்தி. அவர்கள் வருடங்களுக்கு முன்பே அதிகாரிகளிடம் சொன்னார்கள். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய உளவுத்துறையும் எச்சரித்தது. கேட்டவர்கள் எதுவும் செய்யவில்லை. அந்த அலட்சியத்துக்காக முன்னாள் அதிபர் சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எந்த மதத்து வீடாக இருந்தாலும் அடையாளங்கள் ஒன்றுதான். பழைய நண்பர்களை விட்டுத் திடீரென்று விலகுவது, சொந்தக் கோயிலையோ பள்ளிவாசலையோ ஆலயத்தையோ 'இவங்க உண்மையானவங்க இல்ல' என்று ஒதுக்குவது, முகம் தெரியாத ஒருவரோடு இரவெல்லாம் பேசுவது, பழிவாங்கலைப் புனிதமாகப் பேசுவது. பக்தி கூடுவது அடையாளம் இல்லை. முதலில் திட்டாமல் பேசுங்கள். பிள்ளை மதிக்கும் ஒரு மாமாவை, ஆசிரியரை, ஆலிமை, குருக்களைப் பேச வையுங்கள். வெளிநாட்டில் நடந்த கொடுமையைப் பார்த்து அவன் கொதிப்பது நியாயமாகவே இருக்கலாம். அந்தக் கொதிப்பை யாரோ வேறு எங்கோ திருப்புகிறார்கள் என்பதை அவன் புரிந்துகொள்ள வேண்டும். ஆயுதம், திட்டம், கிளம்புதல் என்ற பேச்சு வந்துவிட்டால் மறைக்காதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரையும் வழக்கறிஞரையும் கூட்டிக்கொண்டு போலீஸிடம் போங்கள்.

மீனவ ஊர்களுக்கு: தெரியாத படகு, இரவில் விளக்கில்லாமல் கரை ஒதுங்கும் ஆட்கள், கூலி அதிகம் தருவதாகச் சொல்லும் சவாரி, இவற்றுக்கு 1093. போலீஸார் அவ்வப்போது தீவிரவாதி வேடத்தில் கடல் வழியாக நுழையும் சாகர் கவச் ஒத்திகையில் பல தடவை அவர்களை முதலில் பார்ப்பது மீனவர்தான். ஆனால் உயிர் தப்பி வரும் இலங்கைக் குடும்பம் கரையில் நின்றால் முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு தகவல் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: நடந்துவிட்ட பிறகான வாரம்

ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று வாரம் கழித்து, 2019 மே 13 வாக்கில், குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல் அடித்து நொறுக்கியது. குண்டு வைத்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் இரண்டாவது முறை தண்டிக்கப்பட்டார்கள். எனவே எங்கே என்ன நடந்தாலும், உள்ளூரிலோ கொழும்பிலோ டாக்காவிலோ, முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியதை எழுதி வையுங்கள்.

மூன்று மதப் பெரியவர்களும் ஒரே இடத்தில் நின்று ஒரே அறிக்கை தர வேண்டும். சுருக்கமாக, மூன்று வரி போதும். அதன் வரைவு இப்போதே தயாராக இருக்கட்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் வசிக்கும் தெருவில் மற்ற மதத்துக்காரர்கள் இரவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். யார் எந்த இரவு என்ற பட்டியல் வேண்டும். கடைத்தெரு வழக்கம்போலத் திறக்க வேண்டும், 'அந்தக் கடையில வாங்காதீங்க' என்ற பேச்சை வணிகர் சங்கமே முதல் நாளிலேயே கண்டிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு நிமிடம் பேச வேண்டும். வேனிலும் வகுப்பிலும் பிள்ளைகள் மேல் வரும் கேலி பெரியவர்கள் காதுக்குக் கடைசியாகத்தான் எட்டும். நடவுக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் கொட்டகைக்கும் ஒருவர் போய் வரட்டும். அவர்களுக்கு இந்தியில் சொல்லத் தெரிந்த ஆள் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அடக்கம், நாற்பதாம் நாள், நினைவுத் திருப்பலி, ஃபாத்திஹா எல்லாவற்றுக்கும் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் போக வேண்டும். சாவு வீட்டுக்குப் போவதற்கு டெல்டாவில் யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை.

ஒத்திகை ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று வேளாங்கண்ணி கொடியேற்றமும் விநாயகர் சதுர்த்தியும் நெருங்குவதற்கு முன்பு, ஜூலையில். அடுத்தது சித்திரைத் தேர்களுக்கும் ஈஸ்டருக்கும் முன்பு, மாசியில். கந்தூரி பிறைக் கணக்கில் நகர்வதால் அந்த ஆண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை நாள் போதும்: வாசல்களை அளப்பது, துண்டால் ரத்தம் நிறுத்துவது, மைக் அறிவிப்பை ஒருமுறை வாசிப்பது, தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அழைத்து யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது. எடுக்காத எண்ணை அன்றைக்கே மாற்றி எழுதுங்கள்.